பிள்ளையையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் என் மகளின் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. உயரம், எடை, கண், பல் எல்லாம் பார்த்தார்கள். சந்தேகம் வந்தபோது என்னிடமும் டீச்சரிடமும்தான் கேட்டார்கள். எதிரில் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் "வாயைத் திற" என்பதற்கு மேல் பேச்சில்லை. அட்டையில் 'பல்லில் கறை' என்று எழுதியதோடு சரி.

பென்னாகரம் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் பல் பழுப்பேறுவது புதிதல்ல. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. குழாய் வராத நாளில் எங்களுக்கு போர் தண்ணீர்தான். நானும் கறையைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று இரவு அவளே சொன்னாள்: சிரிப்பு வந்தால் துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொள்வாளாம். குரூப் போட்டோ என்றால் பின்வரிசையாம். என்னைக் கேட்டிருந்தால் "நல்லாத்தான் இருக்கா" என்றிருப்பேன்.

பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை அறிய 'பெட்ஸ்கியூஎல்' என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. 23 கேள்விகள், உடம்பு, மனசு, சிநேகிதம், படிப்பு பற்றி. 5 வயதிலிருந்தே பிள்ளையே பதில் சொல்லலாம், சின்னவர்களுக்கு முகப் படங்கள் உண்டு. பெற்றோருக்குத் தனித்தாள். இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லையாம், எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

அத்தனை கேள்வி வேண்டாம். அடுத்த முறை பள்ளிக்கு வரும் குழு ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேச மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யட்டும். அந்நேரம் என்னைப் போன்ற அம்மாக்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.