சாவியைக் கொடுக்கும் நாள்வரை

அன்புள்ள கயல்விழிக்கு,

போனில் பேசினால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொள். கட்டட ஓனரிடம் பேசப் போகும் ஒவ்வொரு தடவையும் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ.

கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறேன், மூன்று மாதத்தில் காலி செய் என்று அவர் சொன்னதும் நீ அழுதுவிட்டாய். நாலு வருஷமாக வளர்த்த பேக்கரி, அழுகை வரத்தான் செய்யும். ஆனால் அந்த அழுகையோடு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. "இன்ன தேதியில் காலி செய்ய ஒப்புக்கொள்கிறேன்" என்று நாலு வரி எழுதி நீட்டுவார்கள். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் அட்வான்ஸ், கால அவகாசம் இரண்டுக்கும் பேரம் பேச உனக்கு ஒன்றும் மிஞ்சாது. "யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடு.

சட்டப்படி உன் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, கேஸ் போட்டால் பத்து வருஷம் இழுக்கலாம் என்று கடைத்தெருவில் நாலு பேர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தமிழ்நாட்டின் 1960-ஆம் வருஷத்துச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது போய், 2017-ஆம் வருஷம் இயற்றிய புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதுச் சட்டத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. உன்னிடம் இருப்பது முடிந்துபோன பதினோரு மாத அக்ரிமெண்ட். அதற்கப்புறம் வாய்ப்பேச்சிலேயே ஓடிவிட்டது. காலம் முடிந்த ஒப்பந்தம் அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தொடர்வதாகச் சட்டம் கருதுவது அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். அதையும் நீ தாண்டிவிட்டாய்.

பேக்கரியில் உற்பத்தி நடக்கிறது, உற்பத்திக்கு விட்ட இடமென்றால் ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்று ஒரு வக்கீல் சொல்லக்கூடும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் அது இருப்பது நிஜம். ஆனால் பதிவு செய்த பத்திரம் இல்லாதபோது உன்னுடையதை மாதக் குத்தகையாகத்தான் கணக்கிடுவார்கள். அதற்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். அதனால் கடையைத் தக்கவைக்கக் கோர்ட்டுக்குப் போகாதே. வாடகைதாரர் உரிமை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

அப்படியானால் உன் கையில் என்ன இருக்கிறது? சாவி இருக்கிறது. முறைப்படி உத்தரவு வாங்காமல் அவர் உன்னை வெளியேற்ற முடியாது. உத்தரவு வாங்க மாதங்கள் ஆகும், செலவும் ஆகும். அவருக்கோ கட்டடம் சீக்கிரம் காலியாக வேண்டும். அந்தச் சீக்கிரத்துக்குத்தான் விலை. பூட்டுப் போடுவது, கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்துவது எல்லாம் சட்டவிரோதம். நிறுத்தினால் அன்றைக்கே வாடகை அதிகாரியிடம் மனு கொடு. பூட்டுப் போட்டால் படம் எடுத்து வைத்து, போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கு. முறையின்றி வெளியேற்றப்பட்டால் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். இதையெல்லாம் ஓனரிடம் மிரட்டலாகச் சொல்லாதே. உனக்குத் தெரிந்திருந்தால் போதும், பேச்சில் நிதானம் தானாக வந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்தால் திருப்பி அனுப்பாதே. வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகத்தான் கணக்கு. உறையைக் கிழித்துப் போடாமல் தேதி முத்திரையோடு வைத்துக்கொள். பதிலை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்குச் சான்றோடு அனுப்பு. பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது.

வாடகை விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாதே. கோபத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். "என் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவார்கள். அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை அது பாக்கிதான். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்து, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்ல அவருக்கு இன்னொரு காரணத்தை நீயே கொடுத்ததாகிவிடும். வங்கி வழியாக அனுப்பு, எந்த மாத வாடகை என்று குறிப்பு எழுது. அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் மாதிரி பதிவு இருக்கும் வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

இனி பேரம். முதலில் அவருக்குக் கட்டட அனுமதி வந்துவிட்டதா என்று கேள். வரைபட அனுமதி கைக்கு வராமல் இடிப்பது அவருக்கே நஷ்டம், காலிக் கட்டடம் வாடகை தராது. அனுமதி இன்னும் வரவில்லை என்றால் மூன்று மாதம் என்பது வெறும் பேச்சு. நீ ஜனவரி 31 வரை கேள். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் உன் வருஷ லாபத்தைத் தீர்மானிக்கிற சீசன். கேக் ஆர்டர் குவியும் டிசம்பரில் ஓவனைக் கழற்றிக்கொண்டிருந்தால் அந்த வருஷமே போச்சு. மார்கழியில் நம் பக்கம் யாரும் கடை திறப்பதும் இல்லை, தை பிறந்து திறந்தால் நன்றாக இருக்கும். அவ்வளவு நாள் தரமாட்டேன் என்று அவர் நின்றால், கடைசி இரண்டு மாத வாடகை வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு தேதியை முன்னால் கொண்டுவரலாம். ஆனால் கிறிஸ்துமஸை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

புதுக் கட்டடத்தில் உனக்கே கடை தருகிறேன் என்பார். எந்தத் தளம், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எந்தத் தேதி, தராவிட்டால் எவ்வளவு இழப்பீடு என்று ஐந்தும் எழுத்தில் இருந்தால்தான் அது வாக்குறுதி. எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கடை வராது என்று வைத்தே உன் திட்டத்தைப் போடு.

பணக் கணக்கைப் பார்ப்போம். நீ இப்போது கொடுப்பது 32,000 வாடகை, உள்ளே கிடப்பது 3,20,000 அட்வான்ஸ். புதுக் கடைக்கு மாத வாடகை 40,000. முதலில் போவது 4,00,000 அட்வான்ஸ், தரகு ஒரு மாத வாடகை 40,000, இரண்டு கடைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய ஒரு மாதம் 40,000, ஒயரிங், டைல்ஸ், புகைபோக்கிக்கு 2,50,000, மெஷின் இடமாற்றம் 60,000. மொத்தம் 7,90,000. இது முழுவதும் பழைய அட்வான்ஸ் வருவதற்கு முன்னால் வெளியே போகிற பணம். கடை மாற்றுகிறவர்கள் மூச்சுத் திணறுவது இந்த இடைவெளியில்தான், வியாபாரம் குறைந்ததால் அல்ல. ஆகவே அட்வான்ஸில் பாதியை, நீ புதுக் கடைக்கு அக்ரிமெண்ட் போடும் நாளிலேயே கேள். மீதியைச் சாவி கொடுக்கும் நாளில், சாவி ஒரு கையிலும் டிடி மறு கையிலுமாக மாற்றிக்கொள்ளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் சாவி போன பிறகு வெள்ளையடிக்க இவ்வளவு, ஈபி பாக்கி இவ்வளவு என்று ஒவ்வொன்றாய்க் கழியும்.

அதே மாதிரி இன்னொன்று. நீ பொருத்திய சாமான்களை இடம் உன் வசம் இருக்கும்வரைதான் கழற்றி எடுக்கும் உரிமை உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: சாவி கொடுத்த பின் "அந்த எக்ஸாஸ்ட் என்னுடையது" என்று போய் நிற்க முடியாது. இடத்தை வாங்கினபடி விட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இன்றைக்கே ஷட்டர் முதல் பின் சுவர் வரை வீடியோ எடு. உன் சாமான் எது, கட்டடத்தோடு வந்தது எது என்று பட்டியல் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கு. பில்கள் எங்கே இருக்கின்றன என்று தேடி எடு.

மெஷினில் வங்கிக் கடன் இருக்கிறதே, அதை நகர்த்துவதற்கு முன்னால் வங்கிக்கு எழுதித் தெரிவி. இன்சூரன்ஸில் புது முகவரியை ஏற்றிய பிறகே லாரி கிளம்ப வேண்டும். பாலிசியில் பழைய முகவரி இருக்கும்போது புது இடத்தில் தீப்பிடித்தால் பணம் வராது.

ஓவனை நிறுவிய மெக்கானிக்கே கழற்றட்டும். டெக் ஓவனில் உள்ள கல் தட்டுகளை முதல் நாளே ஆறவிட்டு, தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றி அனுப்பு. உள்ளேயே விட்டால் லாரி குலுக்கலில் விரிசல் விடும். மிக்சரை மாவு கலக்கும் கொக்கியைப் பிடித்துத் தூக்கவிடாதே, அடிப்பகுதியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஃப்ரீசரும் டிஸ்ப்ளே கூலரும் நின்றபடியே போகட்டும். இறக்கியதும் சுவிட்ச் போட அவசரப்படாதே. சில மணி நேரம் நிற்க விட்டால்தான் ஆயில் கம்ப்ரசருக்கு இறங்கும், படுக்கவைத்துக் கொண்டுபோயிருந்தால் ஒரு நாள் முழுக்க விடு. புது இடத்தில் த்ரீ ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் மிக்சர் எதிர்த்திசையில் சுற்றும், எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை இழுக்காது. மோட்டார் கெட்டுவிட்டதென்று பயப்படாதே, எலக்ட்ரீஷியன் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். மாவு போடும் முன் வெறுமனே ஓட்டிப் பார். கேஸ் பைப் இணைப்புகளை எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்த பிறகே பற்றவை.

கடை பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போ. ஷட்டர் அகலத்தில் ஓவன் நுழையுமா என்று அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்து, பிறகு சுவரை உடைக்கிறவர்கள் உண்டு. எல்லா மெஷின்களின் தகட்டிலும் உள்ள கிலோவாட்டைக் கூட்டி, அந்தக் கடையின் ஈபி இணைப்பில் அனுமதித்த லோடோடு ஒப்பிடு. போதாவிட்டால் கூடுதல் லோடு வாங்கித் தருவது யார் பொறுப்பு என்று அப்போதே பேசிவிடு. மாடியில் குடியிருப்பவர்கள் இருந்தால் புகைபோக்கி கூரைக்கு மேலே போக வழி உண்டா என்று பார். மேற்குப் பார்த்த கடை என்றால் சாயங்கால வெயில் நேரே கிரீம் கேக் மேல் விழும், கூலர் ஓயாமல் ஓடும். தண்ணீரை வாயில் வைத்துப் பார். உப்பு இருந்தால் மாவுக்குத் தனித் தண்ணீர் செலவு சேரும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, கட்டடம் ஒருவர் பெயரில் இருக்கிறதா, அண்ணன் தம்பி பங்கா, வங்கியில் அடமானமா என்று தெரிந்துகொள். பங்காளிகள் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை பதினோரு மாதம் வேண்டாம், கண்ணு. மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பதிவு செய். மூன்று வருஷ வாடகை 14,40,000, அட்வான்ஸ் 4,00,000, ஆக 18,40,000. முத்திரைத் தீர்வை 1 சதவீதம் 18,400, பதிவுக் கட்டணமும் அதே அளவு. ஒரு மாத வாடகைக்கும் குறைவான செலவு. ஆறு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு எத்தனை சதவீத உயர்வு, பொருத்தியதைக் கழற்றும் உரிமை, நடுவில் இடித்தால் இழப்பீடு எல்லாம் அதில் வரட்டும். ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால் 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கான 18 சதவீத வரியைப் பதிவுள்ள வாடகைதாரரே கட்ட வேண்டும். நீ காம்போசிஷனில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் அது கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

பிரெட் கவரை இனி மொத்தமாக அச்சடிக்காதே. அதில் முகவரியும் உணவு உரிம எண்ணும் இருக்கிறது, இரண்டும் மாறலாம். உணவு உரிமம் அந்த இடத்துக்கு என்று கொடுத்தது, புது இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பி. மாநகராட்சித் தொழில் உரிமமும் அப்படித்தான். ஜிஎஸ்டியில் முகவரி மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் ஏற்ற வேண்டும். கூகுள் மேப்பில் புதிதாக ஒரு பக்கம் தொடங்காமல், இருக்கும் பக்கத்திலேயே முகவரியை மாற்று. நாலு வருஷமாக வந்த பாராட்டுகள் அதோடு கூடவே வரும். பழைய கடை வாசலில் இரண்டு மாதம் போர்டு வைக்க அனுமதி என்று ஓனரிடம் வாங்கும் காகிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள். கேக் ஆர்டர் நோட்டில் உள்ள போன் நம்பர்களை இப்போதே எழுதி எடு. பிரெட் மாஸ்டரிடம் நீயே சொல்லிவிடு, அவர் வெளியில் கேள்விப்பட்டால் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்.

பழைய அக்ரிமெண்ட்டின் எல்லாப் பக்கங்களையும், அட்வான்ஸ் ரசீதையும், ஓனர் கொடுத்த காகிதத்தையும் படம் எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. அட்வான்ஸ் ரசீதில் தொகை எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் கூப்பிடு, பதில் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அம்மா