பாதிக் குரல்

உப்புவெளி, திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நேசன்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் கடையில் வேலை கூடிவிட்டது. சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவரும் போன்களில் பாதிக்கு வருத்தம் ஒன்றுதான்: துளைக்குள் மண். குண்டூசியால் கிண்டி எடுத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்கவும் வெட்கமாக இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே உன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை வளவோடு சேர்த்து வாங்குவதாகப் போனில் சொல்லி, விலையும் பேசிவிட்டு, இப்போது நழுவுகிறார். அடுத்த முறை அவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ய நல்ல செயலி எது என்று கேட்டிருக்கிறாய். நல்ல செயலி என்று ஒன்றும் இல்லை, மச்சான். இருந்தாலும் இந்த விடயத்தில் அது உனக்கு உதவாது.

உன்னிடம் இருப்பது ஐபோன். 2024 இல் வந்த ஐஓஎஸ் 18.1 இலிருந்து பதிவு செய்யும் வசதி அதிலேயே இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தியதும் பதிவாகிறது என்ற அறிவிப்பு இரண்டு பக்கமும் கேட்கும். அதைக் கேட்ட பிறகும் அவர் விலையைப் பற்றி வாய் திறப்பாரா? ஆப்பிளின் செயலிக் கடையில் கிடைக்கும் வேறு பதிவுச் செயலிகள் உன் அழைப்பைத் தங்கள் இலக்கம் ஒன்றோடு சேர்த்து, மூன்றாம் ஆள் போல நின்று பதிவு செய்பவை. பதிவு போய்ச் சேர்வது யாரோ ஒருவருடைய சேவையகத்துக்கு. 2021 இல் அப்படியான ஒரு செயலியில், அடுத்தவரின் தொலைபேசி இலக்கம் தெரிந்தாலே அவருடைய பதிவுகளை எடுத்துக் கேட்கக்கூடிய ஓட்டை இருந்தது வெளியே வந்தது.

ஆண்ட்ராய்டு இன்னொரு கதை. அழைப்பில் வரும் எதிர்ப்பக்கக் குரலை வெளிச் செயலிகள் தொட அனுமதி இல்லை. அது போனோடு வரும் மென்பொருளுக்கு மட்டும் உரியது. 2015 இல் ஆண்ட்ராய்டு 6 முறையான வழியை மூடியது. குறுக்கு வழிகளை 2018 இல் ஆண்ட்ராய்டு 9 அடைத்தது. பிறகு செயலிக்காரர்கள் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்திருந்த அணுகல் வசதிக்குள் புகுந்தார்கள். 2022 மே 11 முதல் கூகுள் அதையும் தடை செய்தது. இன்றும் 'அணுகல் அனுமதி கொடு' என்று கேட்கும் பதிவுச் செயலியைக் கண்டால் நான் வாடிக்கையாளரிடம் வேண்டாம் என்கிறேன். அந்த அனுமதி கிடைத்தால் திரையில் வருவதை எல்லாம், வங்கி அனுப்பும் இரகசிய எண் உட்பட, அது வாசித்துவிடும்.

இதில் நானே பட்டிருக்கிறேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் ஒன்றுக்கு நாற்பதாயிரம் ரூபாய் முற்பணம் கொடுத்து ஏமாந்தது உனக்குத் தெரியும். அந்த ஆளை ஒரு நாள் அழைத்து, செயலியில் பதிவு செய்து, கடைக் கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுக் கேட்டேன். செயலிக்குக் கிடைத்தது மைக் மட்டும். என் குரல் கோயில் ஒலிபெருக்கி போலக் கேட்டது. அவருடையது கிணற்றுக்குள் இருந்து வந்தது. அதைவிடக் கொடுமை, நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் அவருடைய தாயாரின் முழங்கால் வலியை விசாரித்திருக்கிறேன். பிறகு "அந்த விடயம் என்ன மாதிரி?" என்று கேட்டிருக்கிறேன். ஜெனரேட்டர் என்ற சொல்லும் இல்லை, நாற்பதாயிரமும் இல்லை. அவர் "பார்ப்போம் அண்ணை" என்றார். நானும் "சரி தம்பி" என்று வைத்துவிட்டேன். இதை எந்த நீதவானிடம் போட்டுக் காட்டுவது?

சட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். உட்துறைமுக வீதியில் இருக்கும் என் சட்டத்தரணி நண்பரிடம் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். நீ இருக்கும் கனடாவில், பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். அந்த ஒருவர் நீயாகவே இருக்கலாம். இங்கே 1991 இன் தொலைத்தொடர்புகள் சட்டமும் 2007 இன் கணினிக் குற்றங்கள் சட்டமும் குறிவைப்பது நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பவரை. உன் சொந்த உரையாடலை நீ பதிவு செய்வது வேறு. அப்படிப் பதிந்ததை நீதிமன்றத்தில் வைக்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வழி விடுகிறது. கருவி ஒழுங்காக இயங்கியதையும் பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். விசாரணைக்கு 45 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆனால் 2006 இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், தன் எல்லைக்குள் வரும் பதிவுகளுக்கு அந்த 1995 சட்டம் பொருந்தாது என்கிறது. எது எதற்குள் வரும் என்று கேட்டதும் அவர் இரண்டாவது தேநீருக்குச் சொல்லிவிட்டார்.

பிறகு சிரித்துக்கொண்டே, "காணிதானே? அப்படியென்றால் இவ்வளவும் வீண்" என்றார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசு முன் கையெழுத்தாக வேண்டும். வாயால் சொன்னது மணி மணியாகப் பதிவாகி இருந்தாலும் அந்த விற்பனைக்கு வலு இல்லை. போனும் இல்லாத காலத்தில் எழுதிய சட்டம், உன் ஐபோனுக்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறது!

அதனால் அவருக்கு ஒளிக்காமல் சொல்: இன்ன திகதிக்குள் நொத்தாரிசிடம் வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று. அதையே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பு. உன்னால் வர முடியாவிட்டால் தங்கச்சிக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், கொடுக்கலாம்.

பதிவு என்றதும் உன் அப்பா சவூதியில் இருந்து அனுப்பிய கசெட்டுகள் நினைவுக்கு வந்தன. பேசத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமி, "எல்லாரும் கிட்ட இருக்கிறீர்களா?" என்று கேட்பார். நாமும் பதில் கேட்கும் என்ற நினைப்பில் "ஓம்" என்போம். அதில் ஒன்று என் மேசை லாச்சிக்குள்தான் இருக்கிறது, உன் அம்மா தந்தது. கசெட் பிளேயருக்கு ரப்பர் பட்டி மாற்றிவிட்டேன். நாடா பிசுபிசுப்பாக இருப்பதால் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

நீ வருவது சித்திரையிலா ஆவணியிலா என்று எழுது. நொத்தாரிசு ஒரு மாதம் முன்பே சொல்லச் சொல்கிறார்.

அன்புடன்,
குமார்