மாப்ள, அந்த ஆயில் டப்பாவ இன்னும் திறக்காத

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. இங்க எல்லாரும் நலம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கு. பொங்கலுக்கு அப்புறம் பேசவே இல்ல, அந்த சண்டைய நேர்ல வச்சுக்குவோம்.

நீ அனுப்புன வாய்ஸ கேட்டேன். அப்பாவோட புல்லட்ட வெளிய எடுக்குறேன்னு சொன்னதும் அப்படி ஒரு சந்தோஷம் டா. அடுத்த வரிலயே, கடைக்காரர் சொன்னாரு, இருக்குறதுலயே விலை ஜாஸ்தியான கார் ஆயில் வாங்கிட்டேன், இஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் அதையே ஊத்திடுவேன்னு சொல்ற பாரு, வயித்த கலக்கிருச்சு. போன்ல சொன்னா "சரி சரி"ம்ப, அப்புறம் உன் இஷ்டத்துக்கு தான் செய்வ, ஹாஸ்டல் வாசல்ல வார்டனோட வண்டிய பிரிச்சு போட்ட ஆளு தான நீ. அதான் உக்காந்து எழுதுறேன்.

நம்ம குட்டையனுக்கு போன மாசம் என்னாச்சு தெரியுமா. கொல்லிமலைக்கு போனான், காரவள்ளி தாண்டி கொண்டை ஊசி ஆரம்பிக்குது, மொத்தம் 70 இருக்குல்ல, பாதி கூட ஏறல, ஆக்ஸிலேட்டர முறுக்குனா இஞ்சின் மட்டும் கத்துதாம் வண்டி நகர மாட்டேங்குதாம். பின்னாடி பொண்டாட்டி, பக்கத்துல பள்ளம். கிளட்ச் பிளேட்டு கருகி வாடை வந்துருச்சு. என்னடான்னு பாத்தா காருக்கு வாங்குனது மிச்சம் இருந்துச்சுன்னு 5டபிள்யூ-30ங்குற இளகுன ஆயில ஊத்திருக்கான். காருக்கு அது அருமையான ஆயில் தான், அதுல சந்தேகமே இல்ல.

கார்ல கிளட்ச் காஞ்சு தான இருக்கும், கியர்பாக்ஸுக்கு தனி ஆயில். இப்ப வர்ற பைக்குல அப்படி இல்ல, பெரும்பாலும் இஞ்சின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்ல தான் ஊறுது. பெட்ரோல் மிச்சமாகணும்னு இந்த மாதிரி இளகுன கார் ஆயில்ல உராய்வ குறைக்குற சரக்கு சேக்குறாங்க. கிளட்ச் பிளேட்டுக்கு உராய்வு தான்டா உயிரு, அத எடுத்துட்டா எப்படி பிடிக்கும். இதுக்குன்னே ஜப்பான்காரங்க 1998ல ஜாசோன்னு ஒரு தரம் கொண்டு வந்தாங்க. எம்ஏன்னு போட்டிருந்தா ஆயில்ல ஊறுற கிளட்ச்சுக்கு, எம்பின்னா கியர்லெஸ் ஸ்கூட்டர் மாதிரி அந்த கிளட்ச் இல்லாத வண்டிக்கு. டப்பா முன்னாடி ரேஸ் வண்டி படம் போட்டு மினுக்குவான், நீ பாக்க வேண்டியது பின்னாடி இருக்குற அந்த பொடி எழுத்த. இன்னொன்னும் இருக்கு, கியர் பல்லு ஆயில நசுக்கி நசுக்கி அதோட கெட்டித்தன்மைய சீக்கிரம் குறைச்சுரும், அதனால பைக் ஆயிலுக்கு அதையும் தாங்குற சக்தி வேணும்.

இப்ப உன் வண்டிக்கு வரேன். அப்பா வண்டி திருவொற்றியூர்ல செஞ்ச பழைய காஸ்ட் அயர்ன் இஞ்சின், இப்ப வர்ற புல்லட் மாதிரி எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள கிடையாது. இஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு ஒண்ணு, இடது பக்கம் கிளட்ச்சும், இஞ்சின்ல இருந்து கிளட்ச்ச சுத்துற பிரைமரி செயினும் இருக்குற மூடிக்குள்ள ஒண்ணு, ஆக மூணு இடம், மூணுக்கும் வேலை வேற வேற. எல்லாத்துக்கும் ஒரே டப்பாங்குற பேச்சே இங்க எடுபடாது.

இஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். திருச்சி வெயில்ல, காத்து மட்டுமே ஆத்துற இரும்பு சிலிண்டர் கொதிக்கும்போது அந்த 50ங்குற கெட்டி தான் காப்பாத்தும். அதுல வால்வ திறக்க வைக்கிற கேம் மேல டேப்பெட் தட்டையா உரசி ஓடுற அமைப்பு, அதுக்கு ஆயில்ல துத்தநாக சேர்மானம் நல்லா இருக்கணும், புது கார் ஆயில்ல, புகைய சுத்தம் பண்ண புகைக்குழாய்ல இருக்குற கேட்டலிஸ்ட் கெட்டுரக்கூடாதுன்னு அத குறைச்சுட்டாங்க. விலை கூடுனது நல்லதுன்னு நினைக்கிற புத்தி இங்க வேலைக்கு ஆகாது மாப்ள.

கியர்பாக்ஸுக்கு ஈபி 90 கியர் ஆயில், டப்பால ஜிஎல்-4ங்குற தரம் போட்டிருக்கான்னு பாத்து வாங்கு. ஜிஎல்-5ல கந்தக சேர்மானம் ஜாஸ்தி, உள்ள இருக்குற வெண்கல புஷ்ஷ அரிச்சுரும்னு பயம். ஒழுகுதுன்னு சொல்லி சில பேரு வெறும் கெட்டி கிரீஸா அடைச்சு வச்சிருப்பாங்க, பல்லு சுத்துன இடத்துல பள்ளம் விழுந்து கிரீஸ் ஓரமா நின்னுக்கும், பல்லுல ஒட்டாது. அப்படி இருந்தா சுத்தமா வழிச்சு எடுக்க சொல்லு. அப்பா சிக்னலுக்கு சிக்னல், ஒரே மிதில கியர நியூட்ரலாக்குற அந்த நியூட்ரல் ஃபைண்டர குதிகால்ல ஒரு மிதி மிதிப்பாரே, அந்த பாக்ஸ் டா, பாத்து செய்.

கிளட்ச் பக்கத்துக்கு ஜாசோ எம்ஏ போட்ட 10டபிள்யூ-30 பைக் ஆயில், கொஞ்சமா தான் பிடிக்கும், லெவல் ஸ்க்ரூவ கழட்டி அது வழியா எட்டிப் பாக்குற மட்டத்தோட நிறுத்திடு.

முக்கியமான விஷயம், இத மட்டுமாவது கேளு. வண்டி வருஷக்கணக்கா நின்னுருக்கு. நிக்க நிக்க இஞ்சினோட ஆயில் டேங்க்ல இருக்குறது பம்ப் வழியா கசிஞ்சு கிராங்க் சுத்துற பக்கம் இறங்கிரும், ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல பாத்தா காலியா தெரியும். ஆயில் இல்லன்னு மேல மேல ஊத்திடாத, ஸ்டார்ட் பண்ணதும் ஒரே புகையா தள்ளும், சந்து கிடைச்ச எடத்துல எல்லாம் கக்கும். மொதல்ல அடியில இருக்குற டிரெயின் நட்டு எல்லாத்தையும் கழட்டி பழச முழுசா வடிய விடு, ஒண்ணுக்கு மேல இருக்கு, கடைல இருக்குற பையன் ஒண்ண மட்டும் கழட்டிட்டு முடிஞ்சுதும்பான், விடாத. ஃபில்டரையும் மாத்திரு. புது ஆயில கொஞ்ச தூரம் ஓட்டிட்டு சீக்கிரமே ஒரு தடவ மாத்து, உள்ள படிஞ்சிருக்குற பழைய கசடு கரைஞ்சு வரும். அதுக்கு அப்புறம் லெவல் பாக்குறதுன்னா ஓட்டி நிறுத்துன சூட்டோட பாரு.

வாங்கி வச்ச கார் ஆயில வீணாக்காத, உங்க மச்சான் காருக்கு குடு, அவரு மேனுவல்ல அதே கிரேடு போட்டிருக்கான்னு மட்டும் பாக்க சொல்லு. மூணு டப்பாவையும் வாங்குனதும் பின்பக்கத்த ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் பாத்து சொல்ற வரைக்கும் ஒண்ணையும் ஊத்தாத. ஞாயித்துக்கிழமை செய்யுறதா இருந்தா சொல்லு, குட்டையனையும் இழுத்துக்கிட்டு காலைலயே வந்துடுறேன், அத்தைய ஆப்பத்துக்கு மாவு அரைக்க சொல்லி வை.

இப்படிக்கு
உன் ஒல்லி