மலிவு விலைக் கண் கேமரா செய்யும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களே,

பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவியை எளியவர்களுக்கும் எட்டும் விலையில் செய்ய முனைந்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. கண் முகாம்களில் பரிசோதகராக வேலை பார்க்கும் நான் உங்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. பார்வை ஓரத்திலிருந்து குறைவதால் ஆளுக்கே தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே இருந்தார்கள். கண் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. அழுத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடுபவர்கள் நம் பக்கம் நிறைய. அதனால்தான் பார்வை நரம்பின் படம் வேண்டும்.

பெங்களூரில் பிறந்த 3நேத்ரா, ரெமிடியோ கேமராக்கள் வந்தபிறகு படம் எடுக்கும் செலவு இறங்கத் தொடங்கிவிட்டது. எனக்குக் கவலை அதற்கப்புறம் வரும் செலவைப் பற்றித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 தாண்டிய 1000 பேரைப் படம் எடுத்தால் நோயாளிகள் சுமார் 26 பேர். நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரை உங்கள் மென்பொருள் சரியாகச் சொல்லிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 5 விழுக்காடு என்பது கிட்டத்தட்ட 49 பேர். ஒன்றுமில்லாத இந்த 49 பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "ஒண்ணுமில்லையாம்" என்று அவர்கள் ஊரில் வந்து சொன்னால், அடுத்த முறை நோய் உள்ளவரும் கிளம்பமாட்டார்.

ஆகவே தவறான எச்சரிக்கையைக் குறையுங்கள். கிளாக்கோமாவில் பார்வை நரம்பு முனையின் நடுக்குழி பெரிதாகும். ஆனால் பிறவியிலேயே நரம்பு முனை பெரிதாக உள்ளவருக்கு, நோயில்லாமலே அந்தக் குழி பெரிதாகத்தான் இருக்கும். மென்பொருள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவரின் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

முகாமுக்கு வரும் பெரியவர்களில் பலருக்குக் கண்புரை இருக்கும், கண்ணின் பாவையும் (ஒளி உள்ளே போகும் துளை) சுருங்கியிருக்கும். படம் மங்கினால் "மறுபடி எடு" என்று கருவி அங்கேயே சொல்லட்டும், இணையம் இல்லாவிட்டாலும். சொட்டு விட்டுப் பாவையை விரிக்கலாமே என்பீர்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் இடமான முன்கோணம் குறுகியவர்களுக்கு அதுவே சில சமயம் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். அந்த வகை கிளாக்கோமா ஆசியாவில் அதிகம்; நரம்புப் படத்தில் அந்தக் கோணம் தெரியாது. முன்கோணத்தையும் ஓரளவு காட்டும் சிறு இணைப்பு ஒன்றைச் சேர்க்க முடியுமா?

மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை ஏழைகளுக்கு எட்டவைத்தது. அந்த லென்ஸ் கிராமத்துக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்ததற்கு, ஊர் ஊராக நடந்த முகாம்களும் நோயாளிகளை ஏற்றிவந்த வண்டிகளும் காரணம். உங்கள் கேமராவுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். நோய் உறுதியானவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை முதலில் அழையுங்கள். ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல்.

அடுத்த மாதிரிக் கருவி தயாரானதும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், அங்குள்ள செவிலியர் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், உதவ வேண்டாம்.

அன்புடன்,
ஒரு கண் பரிசோதகர்