எட்டு மணிக்கு லைட் போட்ட தம்பிக்கு

என் கணவருக்குக் குளிசை முடிந்து 12 கிழமை பொறுத்து எடுத்த இரத்தத்திலும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இல்லை. இனி இவருக்கு அந்த நோய் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்களோடு சேர்ந்து காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் உடனே சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒருவருக்கு மட்டும் தனியாக நன்றி சொல்லவேண்டும். நாங்கள் கிளினிக்குக்குப் போகும், முல்லைத்தீவிலிருந்து இரவில் கொழும்புக்கு ஓடும் பஸ்ஸின் கொண்டக்டர் தம்பி அவர். பெயர் போடவேண்டாம் என்றார்.

மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க இவர் டக்ரோலிமஸ் போடுகிறார். காலை எட்டு, இரவு எட்டு. வைரஸ் போய் ஈரல் தேறத் தேற இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு இறங்கக்கூடும், அதனால் அடிக்கடி பார்க்கவேண்டும். இரவுக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து, காலைக் குளிசைக்கு முன் இரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரி. இரவு எட்டு மணிக்கு நாங்கள் மாங்குளத்தை அண்டியிருப்போம், பஸ்ஸுக்குள் லைட் இராது.

முதல் தடவை போன் வெளிச்சத்தில் மடியில் குளிசைகளைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி வந்து விசாரித்தார். நோயின் பெயரையும் சொன்னேன். உடனே போய் லைட்டைப் போட்டார். பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட, "அண்ணைக்கு மருந்து நேரம், ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றார். இவர் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, குடித்த போத்தலைத் தானே வாங்கி மூடித் தந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவே தேவையிருக்கவில்லை. ஒருநாள் வேறொரு பிள்ளை கொண்டக்டராக வந்திருந்தார். சரி, இன்றைக்குப் போன் வெளிச்சம்தான் என்று இருந்தேன். எட்டுக்கு லைட் எரிந்தது. "அண்ணா சொல்லிவிட்டவர்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த நோய் என்று கேள்விப்பட்டதும் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தவர்களையும் பார்த்தோம். இது இரத்தத்தால் தொற்றுவது. ஒன்றாகச் சாப்பிட்டால், ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது. அந்தத் தம்பி எங்களிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

கிளினிக் டொக்டர்மார், மிஸ்மார், பிள்ளைகளைப் பார்த்த ஒட்டுசுட்டான் மாமி, முன்னுக்கு நின்று எங்கள் அருவி வெட்டை முடித்துத் தந்த அயலவர்கள், காசு அனுப்பிய உறவுகள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள், எல்லோரையும் கும்பிடுகிறேன்.

முந்தி இந்த நோய்க்கு இன்டர்பெரோன் ஊசிதான். மாற்றிய சிறுநீரகத்தையே அது பழுதாக்கிவிடலாம் என்று கொடுக்கப் பயந்தார்கள். 2013இல் வந்த சோபோஸ்புவிரும் அதைத் தொடர்ந்து வந்த குளிசைகளும் அந்தப் பயத்தைப் போக்கின. இப்போது நூற்றுக்குத் 95 பேருக்கு மேல் குணமாகிறது. வன்னியில் எத்தனையோ வீடுகளில் சிறுநீரக வருத்தம் இருக்கிறது. டயலிசிஸ் செய்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், இந்தக் கிருமி என்று சொன்னால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தனியாகப் போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். முதல் கிளினிக்குக்கு நான் கூட வருவேன்.