பதினாறு வயதுக்குப் பொம்மைப் பல் எதற்கு? பள்ளிக்கு வரும் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் உயர்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். பல் நலம் பற்றிப் பேச உங்களில் யாராவது ஒருவர் பள்ளிக்கு வருவது வழக்கம். சிகிச்சை நேரத்தை விட்டுவிட்டு வருகிறீர்கள்; அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கையோடு கொண்டுவரும் பெரிய பிளாஸ்டிக் பற்கள், 'பல் போனால் சொல் போச்சு' என்ற தொடக்கம், சொத்தைப் பற்களின் படங்கள் எல்லாம் ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர்கள் முதல் படத்துக்கு முகம் சுளிக்கிறார்கள், இரண்டாவதற்குச் சிரிக்கிறார்கள். மூன்றாவது படத்தை யாரும் பார்ப்பதில்லை.

நாற்பது வயதில் பல் ஆடும் என்பது பதினைந்து வயதுக்காரருக்கு வேறு யாருக்கோ நடக்கப்போகிற சங்கதி. பயமுறுத்துவதை விடுத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

ஈறுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புண்ணைக் கிளறாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அங்கே பற்படலம், அதாவது பல்லில் ஒட்டிப் படியும் கிருமிப் படிவு, தங்கியதால்தான் ஈறு வீங்கியிருக்கிறது, மென்மையாகத் துலக்கினால்தான் வீக்கம் அடங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பருவ வயதின் ஹார்மோன் மாற்றங்களால் கொஞ்சம் படலத்துக்கே ஈறு கூடுதலாகச் சிவக்கும் என்பதும் அவர்கள் அறியாதது.

பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் டென்மார்க்கில் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வை வகுப்பில் சொன்னேன். ஈறுகள் நலமாக இருந்த 12 பேர், அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. அன்று வகுப்பில் கேள்விகள் ஓயவில்லை. பல் துலக்காத அந்த 12 பேர் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வாய் நாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அதற்குள் ஒளிந்திருந்த உண்மையான கேள்வி. அதற்கும் விடை சொல்லுங்கள். நாக்கையும் துலக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

அடுத்தது 'இனிப்பு சாப்பிடாதே'. யாரும் கடைப்பிடிக்காத அறிவுரை, போதாததும்கூட. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) பற்றி அவர்கள் வேதியியலில் படித்திருக்கிறார்கள். கரும்பலகையில் ஒரு கோடு வரையுங்கள். சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் கிருமிகள் அதை அமிலமாக்க, பற்படலத்தின் பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்குகிறது, பல்லின் கடினமான மேலுறையான எனாமல் தாதுக்களை இழக்கத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதை மீண்டும் மேலே கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு புட்டி குளிர்பானத்தை உணவோடு ஒரேயடியாகக் குடித்தால் கோடு ஒரு முறை இறங்கி ஏறும். அதையே மதியம் முழுவதும் மடக்கு மடக்காகக் குடித்தால் ஏற நேரமே கிடைக்காது. சர்க்கரை இல்லாத குளிர்பானம் என்று தப்பிக்கப் பார்ப்பவரிடம், அதிலும் அமிலம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைகிறது என்றால் இரவில் துலக்குவது ஏன் முக்கியம் என்பதை அவர்களே ஊகிப்பார்கள். நள்ளிரவில் கைப்பேசியோடு கொறிப்பதைப் பற்றி நீங்கள் தனியாகத் திட்டவும் வேண்டாம்.

பற்பசையில் ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கிறதா என்று உறையில் பார்க்கச் சொல்லுங்கள். துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அந்த ஃபுளோரைடும் போய்விடும் என்பது ஆசிரியர்கள் பலருக்கே தெரியாது.

மின்சிகரெட் பற்றியும் பேசுங்கள், யார் பிடிக்கிறார்கள் என்று விசாரிக்காமல். நிக்கோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் ஈறு நோய் இருந்தும் ரத்தம் கசியாமல் போகலாம். தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பவருக்கு இந்த ஒரு தகவல் பத்துப் படங்களைவிட உறைக்கும். பல் கம்பி போட்டவர்களை எடுத்துக்காட்டாக எழுப்பி நிறுத்தாதீர்கள். சரியாகத் துலக்காவிட்டால் கம்பியைச் சுற்றி ஒரு மாதத்துக்குள்ளேயே எனாமல் தாதுக்களை இழந்த வெண்புள்ளிகள் தோன்றலாம் என்பதைப் பொதுவாகச் சொன்னால் போதும்; இந்தக் கட்டத்தில் இன்னும் மீட்கலாம், குழி விழுந்தபின் எனாமல் வளராது.

விளையாட்டு ஆசிரியரையும் உட்கார வையுங்கள். நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். முடிந்தால் அதே குழியில் பொருத்த வேண்டும்; முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் பல் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

பெரிய அரங்கம் இதற்கெல்லாம் ஒத்துவராது. ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு போதும். படலத்தைச் சாயமேற்றிக் காட்டும் மாத்திரைகளைக் கொண்டுவாருங்கள். தன் பல்லில் எது விட்டுப்போயிற்று என்று ஒவ்வொருவரும் தானே பார்க்கட்டும். பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் கேள்விகளை முந்தைய நாளே வாங்கிவைத்து உங்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. வரும் தேதியை முன்கூட்டியே சொன்னால் கண்ணாடிகளோடும் தண்ணீர்க் குழாயோடும் ஆய்வகத்தை ஒதுக்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்