கச்சேரி மேடையை ஐஸ் காச்சாங் கடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கலைச் சந்தை நடக்கிறது. ஓவியம், கோலம், மண்பாண்டம், மணிமாலை என்று கூடாரங்கள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு மேடை போட்டு, கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளைப் பாடவும் வாசிக்கவும் விடுகிறார்கள். எல்பில், ஹீவூட், டோவன்பி தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊரார் முன்னால் உட்கார வேறு மேடை எங்கே இருக்கிறது? அதனால் இந்த ஏற்பாட்டை மனதார வரவேற்கிறோம். ஆனால் சந்தை முடிந்ததும் காதில் விழும் பேச்சு ஒன்றுதான்: "சனங்களுக்குச் சங்கீதம் கேட்கப் பொறுமை இல்லை."

இதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். மேடை எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கச்சேரி, ஒலிபெருக்கிக் குமிழ் யார் கையில் என்று பாருங்கள். சனங்கள் ஏன் நிற்காமல் போனார்கள் என்பது விளங்கிவிடும்.

முதலில் இடம். மேடையைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் போடுவது வழக்கமாகிவிட்டது. கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்பது ஏற்பாட்டாளர்கள் சொல்லும் காரணம். ஐஸ் காச்சாங்குக்கு ஐஸ் சீவும் எந்திரம், பழச்சாறு அரைக்கும் எந்திரம், வறுசட்டி, ஜெனரேட்டர் எல்லாமும் அங்கேதானே இருக்கின்றன? வீணையும் வயலினும் நான்கு சுவருக்குள் கேட்க உருவான நாதம். வெட்டவெளியில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வராது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டக் கூட்ட, முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு இரைச்சல்தான் மிஞ்சும். ஓவியக் கூடாரங்களின் பக்கம், முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டடச் சுவர் இருக்கும்படி மேடை போட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஜெனரேட்டர் குறைந்தது 30 மீட்டர் தள்ளி, கட்டடத்தின் மறுபக்கம் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குத் தனி மின்கம்பி இழுங்கள். சாப்பாட்டுக் கடையோடு ஒரே கம்பியில் மாட்டினால், குளிர்பெட்டி ஓடி நிற்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டப்' என்று கேட்கும். அது ராகத்தை மெல்ல விரிக்கும் ஆலாபனைக்கு நடுவில் விழுந்தால் பாடும் பிள்ளை திடுக்கிட்டுப் போகும்.

மேடை 12 அடிக்கு 8 அடி இருந்தால் பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா நான்கு பேரும் தாராளமாக உட்காரலாம். உயரம் 2 அடி வேண்டும். வாசிப்பவர்கள் தரையில் உட்காருகிறார்கள், பார்ப்பவர்களில் பாதிப்பேர் நிற்கிறார்கள். மேடை தாழ்ந்தால் பின்னால் நிற்பவருக்கு வெறும் தலைதான் தெரியும். பலகையின்மேல் கனமான கம்பளம் விரியுங்கள். வெறும் பலகை மிருதங்கத்தின் அதிர்வை வாங்கி எல்லா மைக்குகளுக்குள்ளும் அனுப்பிவிடும். 200 நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போடுவதைவிட 40 நாற்காலியை நெருக்கிப் போட்டு, மேடைக்கு 6 அடி முன்னால் பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பது நல்லது.

அடுத்து, யாருமே கவனிக்காத ஒன்று: யாருக்குப் பின் யார் என்ற வரிசை. வயதுப்படியோ பள்ளிப்படியோ பெயர்களை அடுக்குகிறார்கள். கச்சேரிக்குச் சுருதிப்படிதான், அதாவது பாடுபவரின் ஆதார ஒலி எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான், அடுக்க வேண்டும். அந்த உயரத்தைக் 'கட்டை' என்ற எண்ணால் சொல்வோம், எண் கூடினால் சுருதி உயரும். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். குரல் உடைந்த பையன் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிவிடுவான். ஐந்து கட்டைக்கான மிருதங்கம் ஏறத்தாழ 22 அங்குலம், ஒரு கட்டைக்கானது 24 அங்குலம். ஒரே மிருதங்கத்தை அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் மூட்டு (தட்டும் தோலும் அதைச் சுற்றிய பின்னலும்) தாங்காது, இறக்கினால் நாதம் செத்துவிடும். ஐந்து கட்டைப் பெண், ஒரு கட்டைப் பையன், மறுபடி ஐந்தரை என்று கலந்து போட்டால் மிருதங்கக்காரப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கல்லையும் மரத்துண்டையும் எடுத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். மூட்டைச் சுற்றிலும் சீராகச் சேர்க்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் கூட்டம் எழுந்துவிடும். வயலினும் அப்படித்தான். ஒன்றிலிருந்து ஐந்துக்கு முறுக்கிய தந்தி உடனே நிலைகொள்ளாது. மெல்லிய தந்தி அறுந்தாலும் அறும். ஐந்தரை, ஐந்து, நான்கரை என்று வரிசையாக இறங்கி, கடைசியில் ஒரு கட்டைக்காரர்களை வைத்தால் இரண்டே மிருதங்கத்தில் முழுக் காலையும் ஓட்டிவிடலாம். பெயர் வாங்கும்போதே பக்கத்தில் கட்டையையும் எழுதி வாங்குங்கள்.

நம் ஊர் வெக்கை வாத்தியங்களுக்கு ஆகாது. ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிர்சாதன அறையில் உலர்ந்து ஏறும். மண்டபத்துக்குள் சேர்த்துவிட்டுக் கூடாரத்தில் கொண்டுவந்து வாசித்தால் இரண்டாம் பாட்டிலேயே சுருதி விலகும். எந்த இடத்தில் வாசிக்கப் போகிறார்களோ, அந்த இடத்தின் நிழலில் ஒரு மணி நேரம் வாத்தியம் இருக்க வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவதைக் கடைசி நேரத்தில்தான் செய்ய வேண்டும். மேடைக்கு இருக்கும் காற்றாடியின் முன்னால் அது சீக்கிரம் காய்ந்து உதிரும், பிறகு இடக்கை எவ்வளவு அடித்தாலும் கார்வை வராது. காற்றாடியை மேடைப் பக்கம் திருப்பாமல் கேட்பவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். வீணைதான் எல்லாவற்றையும்விடப் பாவம். தந்திகளுக்குக் கீழே இருக்கும் அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. உச்சி வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். அதன் பிறகு அன்றைக்கு வாசிப்பு இல்லை. மெட்டுகளை மறுபடி சுரத்துக்கு நிறுத்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்த்தான் சரிசெய்ய வேண்டும். மேடைக்குப் பின்னால் வாத்தியங்களுக்கென்று ஒரு சிறு கூடாரம், இரண்டு மேசை, ஒரு வாளித் தண்ணீர், துணி. செலவு இவ்வளவுதான்.

இனி ஒலிபெருக்கி. வாடகைக்கு வருபவர்கள் கல்யாணத்துக்கும் கரோக்கேக்கும் பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களிடம் விவரம் சொல்வதில்லை. முதல் வேலை, எக்கோ குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது. சினிமாப் பாட்டுக்கு எக்கோ அழகு சேர்க்கலாம். கமகத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போகும்போது முந்தின சுரத்தின் எதிரொலி அதன்மேல் விழுந்தால், சரியாகப் பாடும் பிள்ளையும் அபசுரம் பாடுவதுபோலத்தான் கேட்கும். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, சுருதிப்பெட்டிக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று என ஆறு இணைப்பு. எட்டு இணைப்புள்ள மிக்சர் போதும், கஞ்சிரா இருந்தாலும் அதற்கு இடம் இருக்கும். பாடுபவரின் மைக் வாய்க்குச் சற்றுக் கீழே, 4 முதல் 6 அங்குலம் தள்ளி. வயலினுக்கு ஓர் அடி தள்ளி, துளைகளைப் பார்த்தபடி. மிருதங்கத்துக்கு இரு பக்கமும் 6 முதல் 8 அங்குலம். பெரிய ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், 6 அடித் தாங்கியின்மேல், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். ஊளை வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைக்காமல், எந்த மைக் என்று ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அது யாரும் பேசாமல் திறந்து கிடக்கும் அறிவிப்பாளர் மைக்தான்.

பிள்ளைகளைப் பார்த்து ஒரு மானிட்டர், அதாவது அவர்களுக்கே கேட்கும்படி ஒரு சிறு ஒலிபெருக்கி, கட்டாயம் வேண்டும். அதில் சுருதியும் பாட்டும் கேட்டால் போதும். சுருதி கேட்காத பிள்ளை பயத்தில் மேலே ஏறிப் பாடும். அதைத் துரத்திக்கொண்டு வயலினும் ஏறும், மிருதங்கம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். கேட்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் உட்கார மனம் வராது. கைத்தொலைபேசியில் தம்பூரா ஓடவிட்டால் அழைப்பு வராதபடி விமான நிலையில் (flight mode) போடுங்கள். இல்லையென்றால் பாட்டி கூப்பிட்டதும் சுருதி நின்றுவிடும். ஒலி சரிபார்க்கும்போது சுருதி முதலில், அடுத்து பாட்டு, பிறகு வயலின், கடைசியில் மிருதங்கம். மிருதங்கத்தில் தொடங்கினால் மற்ற எல்லாவற்றையும் அதற்கு மேலே கத்தவைக்க வேண்டிவரும்.

நாதஸ்வரமும் தவிலும் வேறு கணக்கு. அவை கோயில் வீதியில் வளர்ந்தவை, மைக்கே வேண்டாம். தோட்டக் கோயில்களில் பழகும் பிள்ளைகள் இருந்தால் சந்தை வாசலில் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. மல்லாரியை மட்டும் கேட்காதீர்கள். அது சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. ஹம்சத்வனியில் ஒரு கீர்த்தனை வாசித்துக்கொண்டே மேடைவரை நடந்து வந்தால் கூட்டமும் பின்னால் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 வரைதான் எங்கள் தேர்வு. தோட்டத்துக் குடும்பங்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் பட்டணம் வருவது அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் மூன்று மணிக்கு மேல் இடிமழையை எதிர்பார்க்க வேண்டும். கூடாரத் துணியில் மழை கொட்டினால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. மாலையில்தான் வைக்க முடியும் என்றால், ஆறே முக்காலுக்கு ஒரு கச்சேரியை முடித்துவிட்டு, மஃரிப், இஷா என்ற இரண்டு தொழுகை அழைப்பும் முடிந்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். பாங்கு கேட்டதும் பாதிப் பாட்டில் ஒலிபெருக்கியை அணைப்பது பாடும் பிள்ளைக்கும் சங்கடம், பள்ளிவாசலுக்கும் மரியாதையாக இராது.

ஒரு குழுவுக்கு 40 நிமிடம் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவராக இருபது பேரை ஏற்றினால் பெற்றோர் எல்லாரும் மகிழ்வார்கள், ஆனால் ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளை இறங்கியதும் கிளம்பிவிடுவார். தொடக்க உருப்படியான வர்ணம் 5 நிமிடம். விரைவான சிறு கீர்த்தனை 6. பிரதான உருப்படி, 3 நிமிட ஆலாபனை, அந்த நேரத்தில் கற்பித்துப் பாடும் கற்பனைச் சுரம், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்த்து 18. கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடா இரண்டுக்கு 8. மங்களம் 1. மீதி 2 நிமிடம் அறிவிப்புக்கு. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையும் இப்படிப் பல உருப்படிகளை அடுக்கிப் போவதுதான். அதைச் சுருக்கினால் சந்தைக்கும் பொருந்தும். உருப்படிகளில் பாதியாவது தமிழில் இருக்கட்டும். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது, கேட்பவருக்குப் புரியும் மொழியில் பாட்டு வேண்டும் என்ற ஏக்கத்தால்தான். அந்த ஏக்கம் இங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பாட்டிக்கும் உண்டு. தமிழில் பாட்டு இயற்றிய சீர்காழி மூவரிடமும் பாபநாசம் சிவனிடமும் பிள்ளைகள் பாடக்கூடிய அளவில் எத்தனையோ இருக்கின்றன.

சந்தைக்கு நம்மவர்கள் மட்டும் வருவதில்லை. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் சீன நாட்டுப்புற இசையில் அன்றாடம் புழங்கும் ஐந்து சுரங்களும் ஒன்றே. மோகனத்தில் தொடங்கினால் சீனப் பெரியவர்களும் நின்று கேட்பார்கள், அவர்கள் காதுக்கு அது அந்நியமில்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் தமிழில் இரண்டு வரி, மலாயில் இரண்டு வரி அறிவிப்பு போதும். தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடக் கூட்டத்துக்கு ஒரு நிமிடம் சொல்லிக்கொடுங்கள். பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் கடைசிவரை தாளத்தை விட மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கூடாரக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கூலி உண்டு, வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் ஒரு பொட்டலம் மீகூனும். இது சரியில்லை. தந்தி, மிருதங்க மூட்டு, வாத்தியத்தோடு ஈப்போவரை வகுப்புக்குப் போய்வரும் பெட்ரோல் எல்லாம் தோட்டச் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. பக்கவாத்தியம் உட்பட ஆளுக்கு 100 வெள்ளி என்று வைத்து, முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதுங்கள். மேடைத் தோரணத்துக்கும் பூமாலைக்கும் ஆகும் செலவைக் குறைத்தாலே அந்தத் தொகை கிடைத்துவிடும்.

ஆண்டிறுதிச் சந்தைக்குத் திடலை அளக்கப் போகும் நாளில் இந்த வட்டார இசை ஆசிரியர் ஒருவரையாவது உடன் அழையுங்கள் என்று ஏற்பாட்டாளர்களை உங்கள் நாளேட்டின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். மேடை மூலையை முடிவு செய்யவும் கட்டைப்படி வரிசை போடவும் ஒரு மணி நேரம் போதும். சுருதிப்பெட்டியும் அளவுநாடாவும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.